போஸ்ட்மாஸ்டரும் மாயக் குண்டும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீட்சைத் தாள்களைத் திருத்திக் கொண்டிருந்தேன். "இரத்தத்தின் வேலை யாது?" என்ற கேள்விக்கு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், "உடம்பில் ஓடிக் கொண்டிருப்பது" என்று விடை எழுதியிருந்தான். இதற்கு மார்க் கொடுப்பதா, கூடாதா என்று நான் யோசனையில் ஆழ்ந்திருந்த சமயம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவர் எதிர் வீட்டுப் போஸ்ட்மாஸ்டர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. ஆயினும் விலாசம் சரியாக எழுதாத கவரைக் கண்டால் இன்றைக்கும் அவருக்குக் கோபம் வந்துவிடும். அன்று அவர் முகத்தில் கோபம் இல்லை. அதற்கு மாறாக ஒரு பரபரப்பு இருந்தது. கையில் ஒரு துணிப் பை. பைக்குள்ளிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து என் முன் வைத்தார்.

"வாத்தியார் ஐயா, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள். நாளை மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு. போகலாமா, நிறுத்தி வைக்கலாமா என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

விஷயம் எனக்கு முன்னமே ஒருவாறு தெரியும். அவர் மனைவிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு சினைப்பையில் புற்று நோய் கண்டது. இரண சிகிச்சை ஆயிற்று; மருந்து ஏற்றினார்கள்; குணமாயிற்று என்று கோயிலுக்குப் போய் அர்ச்சனையும் செய்து வந்தார்கள். இப்பொழுது மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது. முதல் தடவை மருந்து ஏற்றியபோது அந்த அம்மாள் பட்ட அவஸ்தையை எங்கள் தெருவே அறியும். சோறு கண்டால் குமட்டல்; வாயெல்லாம் புண்; இடுப்பு வரை தொங்கிய கூந்தல் ஒரே மாதத்தில் போய்விட்டது. "இன்னொரு தடவை என்னால் முடியாது" என்று அவர் சொல்லியிருக்கிறார். சொன்னதில் ஆச்சரியம் என்ன?

பத்திரிகைத் துண்டில் கொட்டை எழுத்தில், புற்று நோயைத் தேடிச் சென்று அழிக்கும் நானோத் துகள்கள் வந்துவிட்டன என்றும், நல்ல அணுக்களுக்குத் தீங்கே இராது என்றும் கண்டிருந்தது. கடைசிப் பாராவுக்கு வந்தேன். சோதனை நடந்தது எலிகளுக்கு என்று, பொடி எழுத்தில் அல்ல, சாதாரண எழுத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். ஆனால் கடைசிப் பாரா வரையில் யார் படிக்கிறார்கள்?

"இந்த மருந்து வரும் வரை இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் என்ன?" என்று போஸ்ட்மாஸ்டர் கேட்டார்.

பரீட்சைத் தாள்களைக் கட்டி வைத்துவிட்டு, உள்ளே இரண்டு காப்பிக்குச் சொன்னேன். அன்று இரண்டு மணி நேரம் நாங்கள் பேசியதே இந்த வாரக் கட்டுரை. இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் எழுந்திருக்கக் கூடும் என்பதனால் இங்கே எழுதுகிறேன்.

நோயை மட்டும் அடித்து நோயாளியை விட்டுவிடும் மருந்து வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற வைத்திய விஞ்ஞானி இருந்தார். சாயங்களை வைத்துக் கொண்டு விளையாடுவதில் அவருக்குச் சிறு வயது முதலே பித்து. ஒரு சாயம் சில அணுக்களில் மட்டும் ஒட்டிக் கொண்டு மற்றவற்றைத் தொடாமல் விடுவதைப் பூதக் கண்ணாடியில் கண்டார். சாயம் இப்படி ஆள் பார்த்து ஒட்டுமானால், விஷமும் ஏன் ஆள் பார்த்து ஒட்டக் கூடாது? இந்தக் கற்பனை மருந்துக்கு அவர் "மாயக் குண்டு" என்று பெயர் வைத்தார். எங்கே சுட்டாலும் குறியைத் தேடிப் போய்த் தைக்கும் குண்டு. அவருடைய ஆய்வுக் கூடத்தில் ஹாட்டா என்ற ஜப்பானியர் 606 என்ற எண்ணிட்ட பொருளைச் சோதித்து, அது கிரந்தி நோய்க் கிருமியைக் கொல்வதை 1909-இல் கண்டார். அடுத்த வருஷம் அது ஸல்வர்ஸான் என்ற பெயரில் கடைக்கு வந்தது. உள்ளே இருந்த சரக்கு நம் சித்த வைத்தியர்களுக்குப் பழக்கமான பாஷாணந்தான்!

கிருமி வெளியிலிருந்து வந்த அந்நியன். அவனை அடையாளம் காண்பது எளிது. புற்று நோய் அப்படியல்ல. நம் உடம்பின் உயிரணுவே கட்டுப்பாட்டை உதறிவிட்டுப் பெருகத் தொடங்குகிறது. அதைக் கொல்லும் மருந்துகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு குறிப்பைத்தான் அறியும்: எது விரைவாகப் பெருகுகிறதோ அதை அடி. மயிர்க்கால், வாயின் உட்புறத் தோல், குடலின் உட்சுவர், எலும்புக்குள்ளிருக்கும் மஜ்ஜை இவையும் விரைவாகப் பெருகுகிறவைதாம். ஆகவே குற்றவாளியோடு அவனைப் போல் வேகமாக நடந்தவர்களும் அடிபடுகிறார்கள்.

இந்த மருந்துகளில் பேர் போனது டாக்ஸோருபிசின். ஆஸ்பத்திரிகளில் "சிவப்பு மருந்து" என்றால் அநேகமாக அதுவே. அதன் பூர்வீகம் சுவாரஸ்யமானது. இத்தாலியின் தென் கிழக்கில், பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டையான காஸ்டெல் டெல் மான்டேயின் அருகே எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் அகப்பட்டது. அது சிவப்பான ஒரு பொருளை உண்டாக்கியது. அந்த நுண்ணுயிரின் வேறுபட்ட வகை ஒன்றிலிருந்து எடுத்ததே இம்மருந்து. பக்கத்திலுள்ள ஏட்ரியாடிக் கடலின் பெயரால் அட்ரியாமைசின் என்றும் சொல்வார்கள். பல வகைப் புற்று நோய்களுக்கு இது நல்ல ஆயுதம். ஆனால் இதயத் தசையைக் கெடுக்கும். அதனால் ஒருவருக்கு ஆயுள் முழுவதிலும் இவ்வளவுதான் ஏற்றலாம் என்று டாக்டர்கள் வரவு செலவு போலக் கணக்கு வைத்துக் கொள்ள வேண்டியிருக்கிறது. நோய் அடங்காமலிருக்கும்போதே கணக்கு முடிந்து போவதும் உண்டு.

"சரி, இதில் நானோ எங்கே வருகிறது?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். இரத்தத்தின் சிவப்பு அணு 7,000-க்குச் சற்று மேல். மருந்து சுமக்கும் துகளுக்கு ஏற்ற அளவு 100-க்கு அக்கம் பக்கம் என்று கண்டிருக்கிறார்கள். சுமார் 6-க்குக் குறைந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். 200-க்கு மிகவும் மேலே போனால் மண்ணீரலின் சல்லடையில் சிக்கிக் கொள்ளும். இடைப்பட்டதாக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு பாத்திரம் கிடைத்தது தற்செயல் என்றே சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜுக்கு அருகில் பாப்ரஹாம் என்ற இடத்தில் அலெக் பாங்ஹாம் என்பவர் இரத்தம் உறைவதைப் பற்றி ஆராய்ந்து வந்தார். முட்டையின் மஞ்சள் கருவிலுள்ள லெஸிதின் என்ற கொழுப்பை நீரில் கலந்து, புதிதாக வந்திருந்த எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கொழுப்பு தானாகவே குமிழி குமிழியாகச் சுருண்டு, ஒவ்வொரு குமிழியும் தன் வயிற்றுக்குள் சிறிது நீரை அடைத்துக் கொண்டிருந்தது! இது 1960-களில் நடந்தது. லிபோஸோம் என்று பிற்பாடு பெயர் ஏற்பட்டது. நம் உயிரணுவின் மேலுறையும் இதே வகைக் கொழுப்பினால் ஆனதுதான். ஆகவே உடம்புக்கு இது அந்நியச் சரக்கு அல்ல. குமிழிக்குள் விஷத்தை அடைத்து அனுப்பினால் வழியில் யாரையும் தொடாமல் போகுமல்லவா?

போகவில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் காவல் காக்கும் விழுங்கணுக்கள் இருக்கின்றன. அவை சற்று நேரத்துக்குள் குமிழிகளைப் பிடித்துத் தின்றுவிட்டன. மருந்தை எப்படி உள்ளே அடைப்பது, அடைத்ததைக் கசியாமல் எப்படி வைத்திருப்பது என்பவையும் பெருந் தொல்லையாயின. இவற்றைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஜெருஸலேமில் பாரன்ஹோல்ஸ், கபிஸோன் என்ற இரு விஞ்ஞானிகள். குமிழியின் மேல் பாலிஎதிலீன் கிளைகால் என்ற பொருளின் நீண்ட இழைகளைப் புல் முளைத்தாற்போல் பதித்தார்கள். அந்த இழைகள் நீரைத் தம்மைச் சுற்றிப் பிடித்துக் கொள்ளவே, விழுங்கணுக்களுக்குக் குமிழி எளிதில் அகப்படவில்லை. தனி மருந்து சில நிமிஷத்தில் பெரும்பாலும் இரத்தத்தை விட்டுப் போய்விடும்; போர்வை போர்த்த குமிழியோ இரண்டு மூன்று நாள் சுற்றி வந்தது.

மருந்தை அடைத்த விதந்தான் எனக்கு எப்போது நினைத்தாலும் பிடிக்கும். முதலில் குமிழிக்குள் அம்மோனியம் சல்பேட்டை, ஆம், வயலுக்கு உரமாகப் போடுகிறோமே அதே உப்பை, நிரப்புகிறார்கள். வெளியே உள்ள உப்பை நீக்கிவிடுகிறார்கள். உள்ளிருந்து அம்மோனியா வெளியே கசிய, உள்ளே புளிப்பு ஏறுகிறது. இப்போது வெளியில் டாக்ஸோருபிசினைக் கலந்தால் அது சுவரை ஊடுருவி உள்ளே நுழையும். நுழைந்ததும் புளிப்பில் மின்னேற்றம் அடைந்து, சல்பேட்டுடன் சேர்ந்து படிகமாக உறைந்துவிடும். பிறகு வெளியே வர வழியில்லை. மடையில் வைத்த மீன் பறியில் மீன் நுழைகிற கதைதான். இப்படி ஒரு குமிழிக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்து மூலக்கூறுகள் அடைபடுகின்றன.

"அடைத்தாகிவிட்டது. ஆனால் விலாசம்? கட்டி இருக்கும் இடம் அந்தக் குமிழிக்கு எப்படித் தெரியும்?" என்று போஸ்ட்மாஸ்டர் கேட்டார். தபால் இலாகாவின் கேள்வி!

அதற்கு விடை ஜப்பானில், குமாமோட்டோவில் கிடைத்தது. மட்ஸுமுரா, மாயேடா என்ற இருவர் 1986-இல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். புற்றுக் கட்டி அவசரத்தில் கட்டிய வீடு மாதிரி. தனக்கு வேண்டிய இரத்தக் குழாய்களை அது கண்டபடி இழுத்து விட்டுக் கொள்கிறது. அந்தக் குழாய்களின் சுவர்களில் ஓட்டைகள். கழிவு நீர் வடிய வேண்டிய நிணநீர்ச் சாக்கடையோ சரியாக இல்லை. ஆகையால் நல்ல குழாய்களின் வழியே நுழைய முடியாத பெரிய துகள்கள் கட்டிக்குள் கசிந்து நுழைகின்றன. நுழைந்தவை அங்கேயே தங்கிவிடுகின்றன. விலாசம் எழுதாமலே கடிதம் போய்ச் சேரும் விநோதம் இது.

இந்த நம்பிக்கையின் மீது எழுந்த முதல் நானோ மருந்துக்கு, டாக்ஸில் என்ற பெயரில், அமெரிக்க சர்க்கார் 1995-இல் அனுமதி அளித்தது. முதலில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் ஒரு வகைப் புற்றுக்கு. பிறகு 1999-இல் சினைப்பைப் புற்று நோய்க்கு.

போஸ்ட்மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் இது பழைய சங்கதியா?"

பழைய சங்கதிதான். ஆனால் அதனால் விளைந்த நன்மை யாது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பரவிவிட்ட மார்பகப் புற்று நோய் கொண்ட 509 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்குச் சாதாரண டாக்ஸோருபிசினும் மற்றொரு சாராருக்குக் குமிழியில் அடைத்ததும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2004-இல் வெளியாயிற்று. இதயக் கேடு குமிழி மருந்தில் மிகவும் குறைவு. சாதாரண மருந்தில் 100-க்கு 66 பேருக்கு முடி கொட்டியது; குமிழி மருந்தில் 20 பேருக்கு. வாந்தியும் குறைந்தது. ஆனால் உயிர் வாழ்ந்த காலம்? ஒரு பிரிவுக்கு 21 மாதம், மற்றதற்கு 22. அதாவது, குமிழியினால் நோய் அதிகமாகச் சாகவில்லை; நோயாளி குறைவாகத் துன்பப்பட்டாள். இதை அற்பமென்று சொல்கிறவர்கள் ஒரு முறையாவது புற்று நோய் ஆஸ்பத்திரியின் வராந்தாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதே சமயம் பத்திரிகைத் துண்டில் கண்ட வாக்குறுதி இதுவல்ல என்பதும் உண்மை.

இன்னொரு மருந்தின் கதையில் நம் நாட்டவர் ஒருவர் வருகிறார். அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் யூ என்றொரு மரம் உண்டு. அதன் பட்டையிலிருந்து டாக்ஸால் என்ற மருந்தைப் பிரித்து, அதன் அமைப்பை 1971-இல் வெளியிட்டவர்கள் மன்ரோ வால் என்பவரும், மகாராஷ்டிரத்தில் நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வாணியும். மருந்து அருமையானது, ஆனால் நீரில் கரையாது. ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த ஒரு திரவத்தில் கரைத்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. விளக்கெண்ணெய் வயிற்றுக்குள் போவதே நமக்குப் பிடிக்காது. அதன் வாரிசு இரத்தத்தில் போனால்? பலருக்கு மூச்சுத் திணறலும் தடிப்பும் உண்டாயின. முன்னதாக வேறு மருந்துகளைக் கொடுத்து அடக்கி வைக்க வேண்டியதாயிற்று. பிறகு எண்ணெயை விட்டுவிட்டு, இரத்தத்தில் இயற்கையாக உள்ள ஆல்புமின் என்ற புரதத்துடன் மருந்தைப் பிணைத்து 130 நானோமீட்டர்த் துகள்களாகச் செய்தார்கள். 2005-இல் அனுமதி கிடைத்தது. பழைய முறையில் 100 பேரில் 19 பேருக்குக் கட்டி சுருங்கியது என்றால், புதிய முறையில் 33 பேருக்குச் சுருங்கியது. கவனியுங்கள், எவ்வித மாயக் குண்டும் இதில் இல்லை. எண்ணெயை விலக்கினார்கள்; மருந்தைக் கூடுதலாகக் கொடுக்க முடிந்தது.

மாயக் குண்டைச் செய்து பார்க்காமலும் இல்லை. புற்றணுவின் மேற்புறத்தில் சில பூட்டுகள் மிகுதியாக இருக்கும். அதற்குப் பொருந்தும் சாவியைத் துகளின் மேல் ஒட்டி அனுப்பினால் நேரே போய் மாட்டிக் கொள்ளுமே! ஆய்வுக் கூடத்துக் கண்ணாடித் தட்டில் அழகாக மாட்டிக் கொண்டது. எலிகளிலும் பலன் தெரிந்தது. மனிதர்களிடம் வந்தபோது கதை மாறியது. புராஸ்டேட் புற்றின் பூட்டுக்கு ஏற்ற சாவியுடன் துகள் செய்த பைண்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி 2016-இல் திவாலாயிற்று. மார்பகப் புற்றின் ஹெர்-2 என்ற பூட்டைக் குறி வைத்த குமிழி மருந்தின் பெரிய சோதனையையும் அதே வருஷம் பலனில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

ஏன் இப்படி? துகள் இரத்தத்தில் விழுந்த மறு கணமே இரத்தத்திலுள்ள புரதங்கள் அதன் மேல் அப்பிக் கொள்கின்றன. சாவியின் பற்களை மாவு பூசி அடைத்தாற்போல் ஆகிவிடுகிறது. அதற்கு முன்னால், சாவி பூட்டின் அருகில் போனாலல்லவா திறப்பது? டொரான்டோவில் வாரன் சான் என்பவரும் அவர் கூட்டத்தாரும் பத்து வருஷத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் திரட்டி 2016-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். எலி முதலிய பிராணிகளுக்கு ஏற்றிய துகள்களில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது எத்தனை? நடுத்தரமாகப் பார்த்தால் 1,000-க்கு 7.

போஸ்ட்மாஸ்டர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஆயிரம் தபாலில் ஏழு பட்டுவாடாவா? அந்தப் போஸ்டாபீஸை இழுத்து மூடிவிடலாமே!" என்றார்.

மீதி எங்கே போகிறது என்று கேட்டார். கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் என்றேன். இதுவும் எலியின் கணக்கு. எலியின் தோலுக்கடியில் வளர்க்கும் கட்டி சில வாரத்தில் அதன் உடம்பில் பத்திலொரு பங்கு ஆகிவிடும். அவ்வளவு அவசரத்தில் எழுந்ததில் ஓட்டைகளுக்குக் குறைவிராது. மனிதரின் கட்டியோ பல வருஷம் மெல்ல வளர்வது. ஒருவருக்கு ஓட்டை மிகுதி. மற்றொருவருக்கு இல்லவே இல்லை. ஒரே ஆளிடம் இரண்டு கட்டி இரண்டு விதம். எலியைக் குணப்படுத்துவதில் மனித சமூகம் மகத்தான வெற்றி கண்டிருக்கிறது என்பதை எலிகள் சார்பில் நான் ஒப்புக் கொள்கிறேன்.

சிகிச்சையில் இப்படியென்றால், நோயைக் கண்டுபிடிப்பதில் துகள்கள் செய்த ஒரு காரியம் மிகவும் அழகானது. கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டுகிறது என்கிறோம். அந்த நெறி, நிணநீர்க் கணு. புற்று பரவத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் புகுவது அந்தக் கணுக்களில்தான். கணு பெரிதாக வீங்கினால் ஸ்கானில் தெரியும். சின்னக் கணுவுக்குள் நோய் பதுங்கியிருந்தால் தெரியாது. என்ன செய்தார்கள்? இரும்புத் துருவுக்கு உறவான பொருளை 30 நானோமீட்டர் அளவுக்குப் பொடித்து, சர்க்கரை வகை உறை போட்டு, இரத்தத்தில் ஏற்றி ஒரு நாள் பொறுத்தார்கள். நல்ல கணுவில் விழுங்கணுக்கள் குடியிருப்பதால் அவை இரும்பைத் தின்றுவிடும். காந்த ஸ்கானில் அந்தக் கணு கறுத்துப் போகும். புற்று புகுந்த கணுவில் விழுங்கணுக்களின் இடத்தைப் புற்றணுக்கள் பிடித்துக் கொண்டுவிட்டன, தின்ன ஆளில்லை, ஆகையால் அது வெளுப்பாகவே நிற்கும். துகள் புற்றைத் தேடிப் போகவேயில்லை என்பதைப் பாருங்கள். நல்லதையெல்லாம் தேடிப் போய்க் கறுப்படித்துவிட்டு, கள்ளனைத் தனியே நிற்க வைத்துவிட்டது!

பாஸ்டன் நகரில் முகேஷ் ஹரிசிங்கானி முதலியோர் புராஸ்டேட் புற்று நோய் கொண்ட 80 பேரை இவ்வாறு சோதித்து 2003-இல் வெளியிட்டார்கள். வெறும் ஸ்கானில் நோயுள்ள கணுக்களில் 100-க்கு 35 அகப்பட்டன; இரும்பேற்றிய பின் 90. இவ்வளவு நல்ல சாதனம் என்ன ஆயிற்று தெரியுமா? அதிகாரிகளுக்குத் திருப்தி ஏற்படவில்லை. ஐரோப்பாவில் கொடுத்த விண்ணப்பத்தைக் கம்பெனியே 2007-இல் வாபஸ் வாங்கிக் கொண்டது. பிற்பாடு ஹாலந்தில் நிஜ்மேகன் நகர் வைத்தியர்கள் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். விஞ்ஞானத்திலும் மாமியார் மெச்சாத மருமகள்கள் உண்டு.

பொன்னைப் பற்றியும் போஸ்ட்மாஸ்டர் கேட்டார். நம் நாட்டில் பொன் என்றால் யார்தான் கேட்க மாட்டார்கள்? பொன்னைப் பொடியாக்கினால் சிவப்பு நிறம் காட்டும் என்பதைப் பாரடே 1857-லேயே ஆராய்ந்தார். கோவிட் காலத்தில் வீட்டில் சோதித்துக் கொண்ட பல பட்டைகளில் தெரிந்த சிவப்புக் கோடு அதுவே. டெக்ஸாஸ் மாகாணத்தில் நவோமி ஹாலஸ் என்ற அம்மையார், மணற்சத்து உருண்டைக்கு மெல்லிய பொன் தகடு போர்த்திய துகள்களைச் செய்தார். உள்ளங்கைக்கு அடியில் டார்ச் விளக்கைப் பிடித்தால் சிவந்த ஒளி மட்டும் ஊடுருவி வருகிறதல்லவா? அதற்கும் அப்பாற்பட்ட அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகப் போகும். அது பட்டதும் பொன் துகள் சூடேறிச் சுற்றிலும் உள்ள புற்றைச் சுட்டுவிடும். புராஸ்டேட் புற்று நோயாளிகள் 16 பேரிடம் நடந்த முதல் சோதனை 2019-இல் வெளிவந்தது. நம்பிக்கை தருவது; ஆனால் பதினாறு பேர் பதினாறு பேர்தாம்.

ஹாப்னியம் என்ற உலோகத்தின் துகளைக் கட்டிக்குள்ளேயே நேராக ஊசி போட்டுவிட்டுக் கதிர் பாய்ச்சினால் கதிரின் வலிமை அங்கே பெருகுகிறது. 180 பேரிடம் செய்த சோதனையில் கட்டி ஏறக்குறைய முழுதும் மடிந்தவர்கள் 100-க்கு 8-லிருந்து 16 ஆனார்கள். ஐரோப்பாவில் 2019-இல் அனுமதி கிடைத்தது. இங்கே விலாசத் தொல்லையே இல்லை. தபால்காரர் கையோடு கொண்டு போய்க் கொடுத்துவிடுகிறார்.

இவ்வளவும் பேசி முடிந்தபோது மணி பதினொன்று. போஸ்ட்மாஸ்டர் பெருமூச்சு விட்டு, "அப்படியானால் பொறுத்திருப்பதில் பயனில்லை என்கிறீர்கள்" என்றார். எலியிடமிருந்து மனிதனிடம் வர ஒரு மருந்துக்குப் பத்து வருஷம்கூட ஆகலாம், பெரும்பாலானவை வருவதேயில்லை, நோயோ இரண்டு மாதம் சும்மா இருக்காது என்று சொல்லிவிட்டு, சந்தேகத்தின் பேரில், "டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறதா?" என்று கேட்டேன்.

துணிப் பைக்குள்ளிருந்து அது வந்தது. நாலாக மடித்திருந்தது. டாக்டர்களின் கையெழுத்து என் மாணவர்களுடையதைவிட மோசம். ஆயினும் இரண்டு தடவை உற்றுப் பார்த்ததில் தெளிவாயிற்று: பெகிலேட்டட் லிபோஸோமல் டாக்ஸோருபிசின், நான்கு வாரத்துக்கு ஒரு முறை.

"ஸார், நீங்கள் எந்த மருந்துக்காகக் காத்திருக்கலாம் என்று கேட்டீர்களோ அந்தக் குலத்து மருந்து உங்கள் பையிலேயே இருக்கிறது" என்றேன்.

அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். "குமிழியா? அம்மோனியம் சல்பேட்டா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அயல் நாட்டுச் சரக்கா? விலை?" என்று அடுத்த கேள்வி.

விலையை ஆஸ்பத்திரியில்தான் கேட்க வேண்டும். ஆனால் நம் நாட்டிலேயே செய்கிறார்கள் என்பதைச் சொன்னேன். 2011-இல் அமெரிக்காவில் டாக்ஸில் செய்து வந்த ஒரே தொழிற்சாலையில் வேலை நின்று போய், நோயாளிகள் பெயரைப் பதிந்து கொண்டு காத்திருக்க நேர்ந்தது. 2012 பிப்ரவரியில் அந்த நாட்டு மருந்து அதிகாரிகள் இந்தியாவின் ஸன் பார்மா கம்பெனி செய்த லிபோடாக்ஸ் என்ற குமிழி மருந்தைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய இசைந்தார்கள்; மறு வருஷம் அதே கம்பெனியின் மருந்துக்கு முறைப்படி அனுமதியும் கொடுத்தார்கள். இதைச் சொல்கையில் என் குரல் சற்று உயர்ந்துவிட்டது என்று உள்ளேயிருந்து பிற்பாடு எனக்குத் தெரிவிக்கப்பட்டது.

"முடி?" என்றார் மெல்லிய குரலில். பழைய மருந்தைவிடக் குறைவாகவே கொட்டும். ஆனால் இந்தக் குமிழிக்கு வேறொரு குறும்பு உண்டு. பல நாள் இரத்தத்தில் சுற்றுவதால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கசிந்து, சிவந்து எரிச்சலெடுத்துத் தோல் உரியும். மேலே சொன்ன சோதனையிலேயே ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது வந்தது. மருந்து ஏற்றிய சில நாட்களுக்கு வெந்நீரில் கை வைக்கக் கூடாது. துணி பிழிவது, பாத்திரம் தேய்ப்பது கூடாது. இறுக்கமான செருப்பு கூடாது. எரிச்சல் கண்டால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மற்றவற்றை டாக்டரையே கேட்டுத் தெரிந்து கொள்ளச் சொன்னேன்.

பத்திரிகைத் துண்டை மேஜை மேலேயே விட்டுவிட்டு, சீட்டை மட்டும் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக் கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "பாத்திரம் தேய்க்க நான் இருக்கிறேன். தளர்ந்த செருப்பு எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்டார். கடைத் தெருவில் இரண்டாவது கடையைச் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கடைத் தெருப் பக்கம் திரும்பி நடந்தார்.

நான் பரீட்சைத் தாள்களை அவிழ்த்தேன். "உடம்பில் ஓடிக் கொண்டிருப்பது" என்று எழுதிய பையனுக்கு அரை மார்க் போட்டேன்.